நாகாலாந்தில் ஒரு வழக்கு எந்த வாசலுக்குப் போகிறது?

2024 ஜூலை 1 அன்று மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது, இனி நாடு முழுவதற்கும் ஒரே விசாரணை முறை என்று பரவலாகப் பேசப்பட்டது. அந்த மூன்றில் விசாரணை முறையை வகுப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதன் முதல் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு வேறொன்றைச் சொல்கிறது. 9, 11, 12 ஆகிய மூன்று அத்தியாயங்களைத் தவிர இச்சட்டத்தின் மற்றப் பகுதிகள் நாகாலாந்து மாநிலத்துக்கும், அரசமைப்புச் சட்டத்தின் ஆறாம் அட்டவணை சார்ந்த சில பழங்குடிப் பகுதிகளுக்கும் பொருந்தா என்பது அதன் சாரம். இது புதிதாகச் செருகப்பட்டதும் அன்று. 1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த விலக்கு, அத்தியாய எண்கள் மட்டும் மாறி அப்படியே தொடர்கிறது. 1908 ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் நாகாலாந்துக்கு இதே போன்ற விலக்கு உண்டு.

இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இந்தியச் சட்டமே அங்கே செல்லாது, ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு என்று நினைக்கிறார்கள். உண்மை நிலை வேறு. எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்று சொல்லும் தண்டனைச் சட்டம் நாகாலாந்திலும் செல்லும். உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அங்கும் மேலே இருக்கின்றன. மாறுபடுவது, வழக்கு எந்த வாசல் வழியாக உள்ளே போகிறது, உள்ளே போன பின் எந்த முறையில் விசாரிக்கப்படுகிறது என்பதுதான். 16,579 சதுர கிலோமீட்டர் பரப்பும், 2011 கணக்கெடுப்பின்படி இருபது லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள்தொகையும் கொண்ட, மக்களில் நூற்றுக்கு 86 பேருக்கு மேல் பழங்குடியினராக உள்ள இந்தச் சிறிய மாநிலத்தில் அப்படி இரண்டு வாசல்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே பழைய விதித்தொகுப்பிலிருந்து கிளைத்தவை.

அந்த விதித்தொகுப்பு ஆங்கிலேயர் காலத்தது. நாகா மலை மாவட்டம் 1866 இல் அமைக்கப்பட்டது. அங்கே சமவெளியின் நீதிமன்றங்களைக் கொண்டுபோய் நிறுவும் எண்ணம் அரசுக்கு இருக்கவில்லை. 1874 ஆம் ஆண்டின் அட்டவணை மாவட்டங்கள் சட்டத்தைப் பயன்படுத்தி, வழக்கமான சட்டங்களுக்கு வெளியே வைத்துச் சுருக்கமான விதிகளால் ஆள்வதே போதும் என்று கருதினார்கள். அப்படி எழுந்த விதிகளின் கடைசி வடிவம், 1937 ஆம் ஆண்டின் நீதி மற்றும் காவல் நிர்வாக விதிகள். துணை ஆணையரே மாவட்டத்தின் நிர்வாகி, அவரே நீதிபதி, காவலும் அவர் கையில். அவருக்குக் கீழே ஊர் மட்டத்தில் காவோன்புரா எனப்படும் ஊர்த் தலைவர்கள். அவருக்குப் பக்கத்தில் தோபாஷிகள். கம்பெனி காலத்துச் சென்னையிலும் புதுச்சேரியிலும் துபாஷிகள் இருந்ததைப் போல, இவர்களும் மொழி பெயர்த்துச் சொல்வதற்காகவே முதலில் வேலைக்கு வைக்கப்பட்டார்கள். மலையில் ஒவ்வொரு பழங்குடிக்கும் தனி மொழி. வெள்ளைக்கார அதிகாரிக்கு அவற்றுள் பெரும்பாலானவை தெரியாது. வாதி என்ன சொல்கிறார், அந்த ஊர் வழக்கம் என்ன என்று எடுத்துச் சொன்னவர்களே, காலப்போக்கில் தாமே அமர்ந்து தீர்ப்புச் சொல்பவர்களாக ஆனார்கள். காவோன்புராக்களுக்கு அன்று கொடுக்கப்பட்ட சிவப்புப் போர்வை இன்றும் அவர்களுடைய பதவியின் அடையாளம்.

இந்த ஏற்பாடு ஆங்கிலேயருக்கு வசதியாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை. செலவு குறைவு, ஆள் குறைவு. ஆனால் நாகர்கள் இதை வேறு கண்ணால் பார்த்தார்கள் என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1929 ஜனவரியில் நாகா சங்கத்தினர் சைமன் குழுவிடம் கொடுத்த விண்ணப்பத்தில், சமவெளி மக்களே பெரும்பான்மையாக இருக்கும் சட்டமன்றத்தில் தங்களைச் சேர்த்தால், தாங்கள் இப்போது அனுபவித்துவரும் வழக்காற்றுச் சட்டங்களை அயல் சட்டங்களும் அயல் வழக்கங்களும் அகற்றிவிடும் என்ற அச்சத்தை வெளிப்படையாகவே எழுதினார்கள். நிலமும் வழக்காறும் அவர்களுக்கு ஒன்றோடொன்று பின்னிய விஷயங்கள்; இரண்டையும் சேர்த்தே கேட்டார்கள்.

விடுதலைக்குப் பின் அரசமைப்புச் சட்டத்தின் ஆறாம் அட்டவணை வடகிழக்கு மலைகளுக்குத் தன்னாட்சி மாவட்ட மன்றங்களைத் தந்தது. இன்று மேகாலயாவில் காசி, ஜைந்தியா, காரோ மலைகளின் மன்றங்கள் நீதிமன்றங்களை அமைத்து நடத்துவது அந்த அட்டவணையின் அதிகாரத்தால்தான். நாகா மலை மாவட்டமும் அந்த அட்டவணையில் இடம்பெற்றிருந்தது. ஆனால் தனி நாடு கேட்டு எழுந்த இயக்கம் அதை ஏற்கவில்லை. மன்றம் அமையவே இல்லை. நீண்ட மோதலுக்கு நடுவே, நாகா மக்கள் மாநாடு என்ற அமைப்புக்கும் இந்திய அரசுக்கும் இடையே 1960 இல் பதினாறு அம்ச உடன்பாடு ஏற்பட்டது. அதன் ஏழாவது அம்சம், எந்தெந்த விஷயங்களில் நாடாளுமன்றச் சட்டம் தானாகச் செல்லாது என்பதை வரையறுத்தது; நீதி நிர்வாகத்துக்கான பழைய விதிகளே தொடரும் என்பதும் அதில் இருந்தது. 1962 இல் பதின்மூன்றாம் அரசமைப்புத் திருத்தம் இதை 371ஏ பிரிவாக்கியது. 1963 டிசம்பர் 1 அன்று நாகாலாந்து தனி மாநிலமானது.

இந்தப் பிரிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். நாகர்களின் சமய, சமூக வழக்கங்கள். நாகா வழக்காற்றுச் சட்டமும் அதன் நடைமுறையும். நாகா வழக்காற்றுச் சட்டப்படி முடிவு செய்யப்படும் உரிமையியல், குற்றவியல் நீதி நிர்வாகம். நிலம் மற்றும் அதன் வளங்களின் உடைமையும் கைமாற்றமும் ஆகிய நான்கு விஷயங்களில் நாடாளுமன்றம் இயற்றும் எந்தச் சட்டமும், நாகாலாந்துச் சட்டப்பேரவை தீர்மானம் போட்டு ஏற்றாலொழிய, அங்கே செல்லாது. மூன்றாவது விஷயத்தில் உள்ள நிபந்தனை முக்கியமானது. எல்லா நீதி நிர்வாகமும் விலக்கப்படவில்லை. வழக்காற்றின்படி முடிவு செய்யப்படுவது மட்டுமே விலக்கப்பட்டிருக்கிறது. மீதமுள்ள எல்லாவற்றிலும் நாடாளுமன்றச் சட்டம் மற்ற மாநிலங்களைப் போலவே அங்கும் செல்லும். எது வழக்காற்றுக்குள் அடங்கும், எது வெளியே நிற்கும் என்ற எல்லைக்கோட்டில்தான் நாகாலாந்தின் பெரிய தகராறுகள் எல்லாம் நடக்கின்றன.

முதல் வாசல் எப்படித் திறக்கிறது என்று பார்க்கலாம். மலைச்சரிவில் இரண்டு குடும்பங்களின் வயல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. வரப்பு நகர்ந்துவிட்டது என்று ஒருவர் சொல்கிறார். நம்மூரில் என்றால் பட்டாவையும் புல எண்ணையும் எடுத்துக்கொண்டு வருவாய் அலுவலகத்துக்குப் போவார்கள். நாகாலாந்தின் பெரும்பகுதி நிலம் அப்படி அளக்கப்பட்டதே இல்லை. நிலம் குலத்துக்கும் ஊருக்கும் குடும்பத்துக்கும் உரியது. அதற்குச் சான்று, எல்லைக் கல்லும் ஓடையும் மரமும் மூத்தவர்களின் நினைவும்தான். எனவே வழக்கு முதலில் கேல் எனப்படும் ஊர்ப் பகுதியின் பெரியவர்களிடமும், அங்கே தீராவிட்டால் கிராமக் கவுன்சிலிடமும் போகிறது. 1978 ஆம் ஆண்டின் கிராம, வட்டாரக் கவுன்சில்கள் சட்டம், ஊர் எல்லைக்குள் வழக்காற்றின்படி நீதி வழங்கும் அதிகாரத்தைக் கவுன்சிலுக்கு வெளிப்படையாகவே தந்திருக்கிறது. கவுன்சில் உறுப்பினர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதையும் அந்தந்த ஊர் வழக்கத்துக்கே விட்டிருக்கிறது. கொன்யாக் பகுதியில் பரம்பரைத் தலைவரான ஆங் என்பவரின் சொல்லுக்குப் பெரும் எடை உண்டு. ஆவோ ஊர்களில் தலைமுறை தோறும் மாறும் மன்ற மரபு இருக்கிறது. அங்காமி ஊர்களில் ஒருவர் தலைமையை மற்றவர் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை, எல்லோரும் பேசித்தான் முடிக்க வேண்டும். நாகா வழக்காறு என்று ஒருமையில் சொல்வது வசதிக்காகத்தான்.

விசாரணை வாய்மொழியாக நடக்கிறது. வக்கீல் கிடையாது, முத்திரைத்தாள் கிடையாது. இரு தரப்பும் பேசி, சாட்சிகளும் பேசி முடித்த பின்பும் உண்மை தெளிவாகாவிட்டால், கடைசி வழியாகச் சத்தியம் இருக்கிறது. முற்காலத்தில் வழக்கில் உள்ள நிலத்து மண்ணையோ புலிப்பல்லையோ வாயில் கடித்துச் சத்தியம் செய்தார்கள். கிறிஸ்தவம் பரவிய பின் விவிலியத்தின் மீதும் செய்கிறார்கள். பொய்ச் சத்தியம் செய்தவரை மட்டுமல்ல, அவர் குடும்பத்தையும் குலத்தையும் குறிப்பிட்ட காலத்துக்குள் சாவோ பெருங்கேடோ தாக்கும் என்பது நம்பிக்கை. அதனால் தனி ஒருவர் தன் விருப்பத்துக்குச் சத்தியம் செய்துவிட முடியாது; அவருடைய உறவினர்கள் முதலில் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தைப் பெறும் பேச்சுவார்த்தையிலேயே, தன் பக்கம் பலவீனமானது என்று தெரிந்தவர் பின்வாங்கிவிட வாய்ப்பு மிகுதி. சத்தியம் செய்து முடிந்த வழக்கை மீண்டும் திறப்பதை வழக்காறு ஏற்பதில்லை. தண்டனைகளும் சிறையை நோக்கிச் செல்வதில்லை. பன்றி, மாடு, நெல், பணம் என்று அபராதம் விதிக்கப்படும். இழந்தவருக்கு ஈடு கொடுக்கச் சொல்லப்படும். மிகக் கடுமையானது, சில ஆண்டுகளுக்கு ஊரை விட்டு வெளியேற்றுவது. நிலம், உறவு, பாதுகாப்பு எல்லாம் ஊரோடு கட்டுண்ட சமூகத்தில் அதைச் சிறைக்குக் குறைந்த தண்டனை என்று சொல்ல மாட்டேன்.

இந்த முறையின் பலத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் கருத்து. ஒரு சொத்து வழக்கு முன்சீப் நீதிமன்றத்தில் வாய்தா மேல் வாய்தாவாக வாங்கித் தந்தை காலத்தில் தொடங்கி மகன் காலத்தில் முடியும் நாட்டில், வயலைத் தெரிந்தவர்கள், இரு குடும்பத்தையும் தெரிந்தவர்கள், அவரவர் மொழியிலேயே கேட்டு முடித்துவைப்பது சிறிய நன்மை அன்று. அடுத்த நாளும் அதே ஊரில் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள் என்பதால், ஒருவரை முழுவதுமாகத் தோற்கடிப்பதைவிட இரு தரப்பும் தாங்கக்கூடிய முடிவையே தேடுகிறார்கள்.

ஊரில் தீராதது தோபாஷி நீதிமன்றத்துக்கு வருகிறது. மாவட்டத் தலைநகரங்களிலும் உள்ளூர் நிர்வாக மையங்களிலும் இவை இயங்குகின்றன. 1937 விதிகளுக்குப் பின்னாளில் மாநிலம் கொண்டுவந்த திருத்தங்கள், கிராம நீதிமன்றம், அதற்கு மேல் கீழ்நிலை மாவட்ட வழக்காற்று நீதிமன்றம், அதற்கும் மேல் மாவட்ட வழக்காற்று நீதிமன்றம் என்று இவற்றுக்கு ஒரு படிநிலையைத் தந்தன. தோபாஷிகள் அரசுச் சம்பளம் பெறுபவர்கள். சட்டப் பட்டம் தேவையில்லை. தம் பழங்குடியின் வழக்காற்றை நன்கு அறிந்தவர் என்ற மதிப்பே தகுதி. நிலத் தகராறு, கடன், மணமுறிவு, ஒழுக்கக் குற்றம், அடிதடி, அவதூறு என்று அன்றாட வாழ்வின் வழக்குகளே இங்கு மிகுதி. திமாப்பூரில் இதன் சிக்கல் கூர்மையாகத் தெரிகிறது. அது மாநிலத்தின் வணிக நகரம்; எல்லாப் பழங்குடியினரும், பழங்குடி அல்லாத வெளி மாநிலத்தவரும் கலந்து வாழும் இடம். அங்கே பல பழங்குடிகளின் தோபாஷிகள் சேர்ந்தே அமர்கிறார்கள். பழங்குடிகளுக்குப் பொதுவான இணைப்பு மொழியான நாகாமியத்தில் விசாரணை நடக்கிறது. ஒரு சுமிக்கும் ஒரு லோத்தாவுக்கும் இடையிலான வழக்கில் யாருடைய வழக்காறு செல்லும் என்பதற்கு ஏட்டில் எழுதிய விடை இல்லை; அவர்கள் பேசித்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு தரப்பு வெளி மாநில வணிகர் என்றால், அவர் அந்த வழக்காற்றுக்கு ஒருபோதும் உட்பட்டவர் இல்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

இரண்டாவது வாசல் நாம் அறிந்த நீதிமன்றங்களுடையது. கொலை, கொள்ளை, பாலியல் வன்கொடுமை போன்ற பெருங்குற்றங்களும், வழக்காறு தொடாத உரிமையியல் வழக்குகளும் இங்கே வர வேண்டியவை. மாநிலம் அமைந்த பின்னும் நெடுங்காலம் துணை ஆணையரும் அவருக்குக் கீழிருந்த நிர்வாக அதிகாரிகளுமே இந்த வழக்குகளையும் விசாரித்தார்கள். கைது செய்யும் நிர்வாகமே தீர்ப்பும் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை, ஆயுதமேந்திய மோதலில் பல பத்தாண்டுகள் கிடந்த ஒரு நிலத்தில் தனியாக விளக்க வேண்டியதில்லை. நீதித் துறையை நிர்வாகத்திலிருந்து பிரிப்பது மற்ற மாநிலங்களைவிட மிகவும் தாமதமாகவே இங்கே நடந்தது. இப்போது மாவட்ட, அமர்வு நீதிபதிகளும் நீதித் துறை நடுவர்களும் இருக்கிறார்கள்.

இவர்கள் எந்த நடைமுறையைப் பின்பற்றுகிறார்கள்? 1937 விதிகள் தந்த விடை, நடைமுறைச் சட்டங்களின் உட்பொருளை வழிகாட்டியாகக் கொள்ளலாம், அவற்றின் எழுத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பது. இப்படி விசாரிக்கப்படுவது சமத்துவத்துக்கும் தனிமனித உரிமைக்கும் எதிரானது என்ற வாதம் 1966 இல் ரத்தன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. நீதிமன்றம் விதிகளை ஏற்றது. அந்தப் பகுதிகளின் நிலையைக் கருதி எளிய நடைமுறை வகுக்கப்பட்டிருக்கிறது, சட்டத்தின் உட்பொருளைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டுப்பாடே நியாயமான விசாரணைக்குக் காப்பாக நிற்கிறது என்பது அதன் பார்வை. நடைமுறையில் நடுவர்கள் மற்ற மாநிலங்களில் உள்ளவர்களைப் போலவே பிணை தருகிறார்கள், குற்றச்சாட்டு வனைகிறார்கள், சாட்சி கேட்கிறார்கள். வேறுபாடு தெரிவது, ஒரு நடைமுறைப் பிழையை வைத்து வழக்கையே உடைக்க முயலும்போது; எழுத்து கட்டுப்படுத்தாது என்பதால் அந்த வாதம் எடுபடாமல் போகலாம். அது குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகவும் திரும்பக்கூடியது.

எல்லாவற்றுக்கும் மேலே கௌஹாத்தி உயர் நீதிமன்றத்தின் கொஹிமா அமர்வு இருக்கிறது. 2013 மார்ச்சில் மேகாலயா, மணிப்பூர், திரிபுரா ஆகியவை தனி உயர் நீதிமன்றம் பெற்றன. நாகாலாந்து, மிசோரம், அருணாசலப் பிரதேசம் மூன்றும் அஸ்ஸாமுடன் கௌஹாத்தியையே இன்னும் பகிர்ந்துகொள்கின்றன. வழக்காற்று நீதிமன்றத்தின் முடிவும் கடைசியில் இந்த அமர்வின் முன் வந்து நிற்கலாம். கீழே எழுத்தில் இல்லாத சட்டத்தை, எழுத்தில் இல்லாத சாட்சியங்களைக் கொண்டு முடிவு செய்தார்கள். மேலே உள்ள நீதிபதி ஒன்றிரண்டு பக்கத் தீர்ப்புக் குறிப்பை வைத்து அதைச் சோதிக்க வேண்டியிருக்கிறது. வழக்காறுகளைத் தொகுத்து எழுதிவிட வேண்டும் என்ற கோரிக்கை எழுவது இதனால்தான். எழுதிவிட்டால் அது உறைந்துபோகும், மாறும் தன்மையை இழக்கும் என்ற எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

என்னை மிகவும் உறுத்துவது வேறு. இந்த வழக்காற்றை வகுத்தவர்களும் அதை விளக்குபவர்களும் தீர்ப்புச் சொல்பவர்களும் ஏறக்குறைய எல்லோருமே ஆண்கள். கிராமக் கவுன்சில்களில் பெண்கள் மிக அரிது. தோபாஷிகளாகப் பெண்கள் நியமிக்கப்பட்டது அண்மைக் காலத்தில், அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான். மூதாதையர் நிலத்தில் மகளுக்குப் பங்கில்லை என்பது நாகா வழக்காறுகளில் பரவலான விதி. மணமுறிவில் யார் தவறு செய்தவர் என்பதை வைத்துச் சொத்து பிரிக்கப்படும்போது, அந்தத் தவறை முடிவு செய்யும் அவையில் அந்தப் பெண்ணின் இடத்திலிருந்து பார்க்க ஒருவரும் இருப்பதில்லை. பாலியல் குற்றம் ஊருக்குள்ளேயே அபராதத்தோடு பேசி முடிக்கப்பட்டால், தீங்குக்கு உள்ளானவரின் குரல் அந்தச் சமரசத்தில் கரைந்துவிடும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 ஆம் ஆண்டுச் சட்டம் நாகாலாந்திலும் செல்லும். அத்தகைய குற்றம் தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாதிருப்பது அச்சட்டப்படி குற்றம். அதை அபராதத்தில் முடிக்க எந்த வழக்காற்றுக்கும் உரிமை இல்லை.

தொடக்கத்தில் சொன்ன அத்தியாய எண்களை இந்த இடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நாகாலாந்துக்குப் பொருந்தும் 9 ஆம் அத்தியாயம் அமைதி காக்கப் பிணைமுறி வாங்குவது பற்றியது; 11 பொது ஒழுங்கு பற்றியது; 12 காவல் துறையின் தடுப்பு நடவடிக்கை பற்றியது. நடுவில் தாண்டிவிடப்பட்ட 10 ஆம் அத்தியாயம், மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் ஜீவனாம்சம் வாங்கித் தருவது. பழைய சட்டத்திலும் இதே கதைதான்: 8, 10, 11 சென்றன, ஜீவனாம்சத்துக்கான 9 தாண்டப்பட்டது. அரசு மக்களைக் கட்டுப்படுத்துவதற்கான அதிகாரங்கள் வழக்காற்றின் வேலியைத் தாண்டி உள்ளே போயிருக்கின்றன. கைவிடப்பட்ட பெண் சோற்றுக்கு வழி கேட்கும் எளிய உரிமை மட்டும் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறது. குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் கீழ் திமாப்பூரிலும் கொஹிமாவிலும் குடும்ப நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டன. அவற்றின் அதிகாரத்தை உறுதிப்படுத்தவே 2022 இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, 2008 செப்டம்பர் முதல் அது நாகாலாந்தில் செல்லும் என்று முன்தேதியிட வேண்டியிருந்தது. அந்த இரு நகரங்களுக்கு அருகில் இருப்பவருக்கு அது ஒரு வழி. மோன் மாவட்டத்தின் மியான்மர் எல்லையோர ஊரில் இருப்பவருக்கு அந்த நகரங்கள் மிகத் தொலைவு.

பெண்களின் இடம் பற்றிப் பேச்செடுத்தாலே 371ஏ பிரிவு குறுக்கே நிறுத்தப்படுவதை நகராட்சித் தேர்தல் தகராறு காட்டியது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்குவது வழக்காற்றுக்கு எதிரானது என்று பழங்குடி அமைப்புகள் எதிர்த்தன. 2017 இல் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது போராட்டம் வன்முறையாகி, திமாப்பூரில் இருவர் உயிரிழந்தனர், முதலமைச்சர் டி. ஆர். ஸெலியாங் பதவி விலகினார். நகராட்சி என்பதே நாகா மரபில் இல்லாத புதிய அமைப்பு. அதில் யார் உட்காரலாம் என்று முடிவு செய்ய வழக்காற்றில் எதுவும் இருக்க முடியாது. உச்ச நீதிமன்றத்தின் தொடர்ந்த அழுத்தத்துக்குப் பின் 2023 இல் புதிய நகராட்சிச் சட்டம் நிறைவேறி, 2024 ஜூன் 26 அன்று இட ஒதுக்கீட்டுடன் தேர்தல் நடந்தது. 371ஏ பிரிவும் அப்படியே இருக்கிறது.

நீதிமன்றங்களின் விஷயத்திலும் அரசமைப்பைத் தொடாமலே செய்யக்கூடியவை உண்டு. நாகாலாந்துக்கு விலக்குத் தரும் அதே உட்பிரிவு, விலக்கப்பட்ட அத்தியாயங்களில் எதையும் தேவையான மாற்றங்களோடு மாநில அரசு ஓர் அறிவிக்கையின் மூலம் தன் மாநிலத்தில் செயல்படுத்திக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. ஜீவனாம்ச அத்தியாயத்தைக் கொண்டுவர கொஹிமாவின் தலைமைச் செயலகத்தில் எழுதப்படும் ஓர் அறிவிக்கை போதும். டெல்லியின் அனுமதி தேவையில்லை. தோபாஷிகளும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் அல்லர். அவர்களை நியமிப்பது மாவட்ட நிர்வாகம். அடுத்த காலியிடங்களில் வழக்காறு அறிந்த பெண்களை நியமிப்பதற்கு நிர்வாக ஆணைக்கு மேல் வேறொன்றும் வேண்டியதில்லை.